ஆயிரத்து நானூறு வருஷத்து அழுக்கு

இடமில்லாத இங்கிலாந்து அருங்காட்சியகங்கள் ஆயிரத்து நானூறு வருஷப் பழமையான ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பாத்திரங்களை வீடுகளில் வைத்துப் பாதுகாக்கக் கொடுத்திருந்தன. சுகந்தி வீட்டுக்கு வந்தது, உள்ளே மீன் பதித்த வெண்கலக் கிண்ணம். விளக்கேற்றவா, கைகழுவவா, தீர்த்தம் வைக்கவா, எதற்கென்று யாருக்கும் தெரியாது. உள்ளே படிந்த அழுக்கை மோந்தே அதைச் சொல்லிவிடும் கருவியோடு இன்று அருங்காட்சியக அதிகாரி வருகிறார்.

சுகந்தி அலமாரியைத் திறந்தாள். கிண்ணம் தங்கமாய் மின்னியது.

"என்னங்க பண்ணினீங்க?"

"பெரிய மனுஷங்க வர்றாங்களேன்னு புளி போட்டுத் தேய்ச்சேன்," என்றான் கணவன் இளவழுதி பெருமையாக.

அழைப்புமணி அடித்தது. உள்ளே வந்த அதிகாரி கருவியைக் கிண்ணத்துக்குள் இறக்கினார்.

"புளி ஊறவைக்கும் பாத்திரம்," என்றது கருவி.

அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இளவழுதி சுகந்தியின் காதருகே குனிந்தான்.

"திருப்தி இல்லையோ? இன்னொரு தடவை தேய்ச்சிரட்டுமா?"