மாப்பிள்ளை வீட்டார் சொன்ன குறை

"மா, டிவிய அணைச்சிடவா?"

"இருக்கட்டும் லா. கார் வந்து நின்னுடுச்சு. நீ போயி சேலைய ஒழுங்கா கட்டு," என்றார் மலர்.

லோஷினிக்கு எரிச்சலாக வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா நேற்றுத்தான் சொன்னார். பையனின் படத்தைக்கூடக் காட்டவில்லை. அப்பாவோ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். கேட்டதற்கு அம்மா, "சும்மா பாத்துட்டுப் போறாங்க, அவ்ளோதான்" என்று வாயை அடைத்துவிட்டார்.

அதுவும் இந்த வாரமா? தெப்ராவில் அவள் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம், கணினியில் மட்டுமே ஓடிய ஒரு கதை விளையாட்டை, வீட்டு டிவியில் விளையாடும் கன்சோலுக்குக் கொண்டுவருகிறது. நாமே நாயகனாகி ஊர் ஊராய்ப் போய், ஆட்களோடு பேசி, பொருள் சேர்த்து, பூதங்களோடு மோத வேண்டும். கீபோர்டின் அத்தனை பட்டன்களும் செய்த வேலையை, கைக்குள் அடங்கும் கண்ட்ரோலருக்கு மாற்றியவள் லோஷினிதான். திங்கட்கிழமை அதைக் கன்சோல் நிறுவனத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். சொதப்பினால் இத்தனை நாள் உழைப்பும் அம்போ.

"கேம்னா என்னன்னே தெரியாதவங்கள விளையாட வெச்சுப் பாரு. எங்க இடிக்குதுன்னு அவங்கதான் காட்டுவாங்க" என்று மேலாளர் மகேஸ்வரன், சோதனைக்கான கன்சோலை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருந்தார். அவளும் அதை டிவியில் மாட்டி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விளையாட வைத்தாள். எல்லோரும் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி, மைலோவைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கோத்தா திங்கியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: காளியப்பன், மனைவி வெள்ளையம்மா, மகன் விஜயன். லோஷினி தேநீரோடு வந்தபோது விஜயன் கைப்பேசியில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெரிய மன்மதன் என்று நினைப்பு, என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

காளியப்பன் ஒரு வாய் குடித்தார். "சீனி கூடிப்போச்சு." பிறகு டிவியைப் பார்த்தார். "இது என்னம்மா, எறும்பு ஊருற மாதிரி எழுத்து? ஒண்ணும் தெரியலயே."

"இவ செய்யிற கேம்தாண்ணே. புடிச்சுப் பாருங்க," என்று மலர் கண்ட்ரோலரை அவர் கையில் திணித்தார்.

லோஷினிக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"விளையாட்டா?" காளியப்பன் உதட்டைப் பிதுக்கினார். "படிச்ச பொண்ணு. பேங்க் கீங்க்ல வேலை கெடைக்கலயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கெடைச்சுது அங்கிள், நாந்தான் போகல. நாங்க தெப்ராவுல உக்காந்து செய்யிறத, நாளைக்கு பிரேசில்ல ஒரு குடும்பம் அவங்க வீட்டு ஹால்ல விளையாடும். எனக்கு அது போதும்."

"பிரேசில்காரன் இருக்கட்டும். எனக்கு இதுல பொருள் வைக்கிற பையே தொறக்க மாட்டேங்குதே."

"மேல இருக்கிற பட்டன அமுக்கிப் பிடிக்கணும் அங்கிள்."

"அத யாரு எங்கிட்ட சொன்னா?"

லோஷினி திரை முழுக்கத் தேடிப் பார்த்தாள். உண்மைதான், யாருமே சொல்லவில்லை.

வெள்ளையம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, திரையில் நின்ற நாயகனைக் காட்டினார். "மருந்த குடிக்கச் சொன்னா, கீழ போட்டுட்டு நிக்கிறான் பாரு. யாரும்மா இவன இப்படி வளத்தது?"

"நான்தான் ஆன்ட்டி," என்றாள் லோஷினி.

அதற்கு மேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை. பட்டுச் சேலையோடு தரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். பைக்கு வேறு பட்டன் கொடுத்தாள். மருந்து குடிக்கும் பட்டனையும் கீழே போடும் பட்டனையும் தள்ளித் தள்ளி வைத்தாள். காளியப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார். அவளும் விடாமல் மாற்றினாள்.

"அந்தக் குகைக்குள்ள போவாதீங்க, மொதல்ல மருந்து வாங்குங்க," என்று மனைவி அதட்டியதை அவர் கேட்கவில்லை. செத்தார். மறுபடி போனார். கடைசியில் பூதம் சாய்ந்தபோது கேசரி ஆறிப்போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கெட்டிக்காரிதாம்மா நீ. இது எங்க பொண்ணு செஞ்சதுன்னு ஊருல சொல்லிக்குவேன்."

லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது மலர் ஒரு டப்பா நிறையக் கேசரி போட்டு விஜயனிடம் நீட்டினார். அவன் முதல் முறையாகச் சிரித்தான். "தேங்க்ஸ் ஆன்ட்டி."

கார் போனதும் லோஷினி மகேஸ்வரனை அழைத்தாள். "பாஸ், எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு. சரியும் பண்ணிட்டேன். திங்கக்கெழமை தாராளமா அனுப்பலாம்." போனை வைத்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சாரி மா. பொண்ணு பாக்க வந்தவங்கள வெச்சு கேம் சோதிச்சிட்டேன். இந்தச் சம்பந்தம் அவ்ளோதான்."

மலர் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கம்பக்கத்துல கூப்பிட்டா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க லா. மாப்பிள்ள வீட்டுக்காரங்க மாதிரி குறை சொல்ல யாரால முடியும்? அதான் என்கூட ஃபேக்டரியில வேலை செஞ்ச வெள்ளையம்மாகிட்ட, மாப்பிள்ள வீடு மாதிரி வாங்க, வாய்க்கு வந்தத சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்ப அந்த விஜயன்?"

"அந்த டப்பா கேசரி யாருக்குன்னு நெனச்ச? அவன் பொண்டாட்டிக்கு."