அப்பா வழி, அம்மா வழி

அன்று தொழுவத்தில் இருந்தவர்கள் மூவர்: மயிலைக் காளை, அதன் தங்கை செவலைப் பசு, செவலை ஒரு காட்டெருமைக்குப் பெற்ற கலப்புக் காளை கொம்பன். சாயங்காலத் தீனிக்கு வைக்கோல் ஆறு கட்டு இருந்தது, தலைக்கு இரண்டு.

“மருமகனே, உழவுக்கு வாடா,” என்றது மயிலை.

“நுகத்தடியா? காட்டில் அப்பா மானம் போய்விடும், மாமா!” என்றது கொம்பன்.

வேறு வழியில்லாமல் மயிலை தங்கையோடு பூட்டிக்கொண்டு நாளெல்லாம் உழுதது. தன் இரண்டு கட்டையே நினைத்தபடி நொண்டி நொண்டித் திரும்பியது. கொம்பன் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“காட்டுக்காரனுக்கு வீட்டு வைக்கோல் எதற்கடா?”

“அம்மா வழியில் நான் இந்த வீட்டுப் பிள்ளைதானே, மாமா!”

“சரி, உன் இரண்டு கட்டோடு நிறுத்தியிருக்கலாமே?”

“நிறுத்தத்தான் பார்த்தேன். வயிறு அப்பா வழி.”

மயிலை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தது. மிச்சம் இருந்தவை, கட்டவிழ்ந்த கயிறுகள் ஆறு.