யாரும் ஒட்டாத பிளாஸ்திரி

ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் இருந்தால் நீலமாக மாறும் பிளாஸ்திரி அது. வெட்டுப்பட்டவர்கள் அதைத்தான் ஒட்ட வேண்டும் என்று சட்டமே இருந்தது. ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் இந்த முறை வந்த பெட்டியின் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. காரணம் கேட்க வந்திருந்தாள் தொழிற்சாலை ஆய்வாளர் சுகிர்தா.

"இங்க யாருக்கும் கை அறுபடறதே இல்லீங்க" என்றாள் துணி வெட்டும் பூவாத்தா. அவள் விரல்களில் ஆறாத வெட்டுகள் இருந்தன.

"நீலமானாலும் மருந்து சாப்பிட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதுக்கா. அப்புறம் என்ன பயம்?"

"நோவுக்கு ஆருங்க பயந்தா? போன தடவை, இங்க வேலை செஞ்ச செல்விக்கு நீலமாச்சு. அன்னிக்கு மத்தியானமே அவகூட சோறு திங்க ஒருத்தரும் உக்காரலை. அப்புறம் அவ வேலைக்கே வர்லீங்க."

சுகிர்தா திரும்பும்போது மேசையிலிருந்த கத்தரி அவள் விரலைக் கிழித்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியது.

சூப்பர்வைசர் வெள்ளிங்கிரி அவசரமாகப் பெட்டியைப் பிரித்து ஒரு பிளாஸ்திரியை நீட்டினார்.

"ஒட்டுங்க மேடம். உங்களைப் பார்த்து இவங்களுக்கும் தைரியம் வரட்டும்."

சுகிர்தா கை நீட்டவில்லை. பிரசவத்தில் தனக்கு ரத்தம் ஏற்றியது நினைவுக்கு வந்தது. அதன்பின் அவள் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. அத்தனை கண்களும் அவள் விரலிலேயே இருந்தன.

பூவாத்தா கழிவுத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து நீட்டினாள்.

சுகிர்தா அதை வாங்கி விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.