கன்னிப் பெட்டியில் முகூர்த்தச் சேலை

"பெட்டியில வச்சு எடுத்து, சின்னவளுக்குக் கட்டிவிடுங்க. பெரியவ கையால வாங்குன மாதிரி இருக்கும்" என்றார் அப்பா இருளப்பசாமி.

முகூர்த்தச் சேலை அவர் கையில் இருந்தது. அவருடைய மச்சினன் நல்லமுத்து அருப்புக்கோட்டையில் எடுத்து வந்தது.

வீட்டுக் கன்னிமூலையில் ஓலைப்பெட்டி திறந்திருந்தது. கல்யாணம் ஆகாமல் செத்துப்போகும் பெண்பிள்ளை அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக் கன்னியாகிவிடுவாள். வருஷத்தில் ஒரு தை வெள்ளிக்கிழமை அவளுக்குப் பாவாடை, தாவணி, வளையல் வைத்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட துணியை உயிரோடு இருக்கிற தங்கச்சிக்குக் கட்டிவிடுவார்கள்.

சீனியம்மாள் அப்படித்தான் வருஷா வருஷம் அக்கா தங்கத்தாயின் தாவணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் சேலை. மாப்பிள்ளை, தாய்மாமன் நல்லமுத்து.

அக்காவுக்கும் அவரைத்தான் பேசியிருந்தார்கள். பந்தக்கால் ஊன்றுவதற்கு முன்பே அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள். வயிற்றுவலி தாங்காமல் என்று ஊருக்குச் சொன்னார்கள். பிறகு வீட்டுக்குள்ளும் அதையே சொல்லிக்கொண்டார்கள்.

மாமன் நல்லவர். அதுதான் கஷ்டம். குடிக்க மாட்டார், அதட்டிப் பேச மாட்டார். இந்த வீட்டில் பெண் எடுப்பது அவர் உரிமை. முடியாதென்றால் அம்மாவுக்குப் பிறந்த வீடு அற்றுப்போகும். அப்படிப்பட்டவரை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? நாலெழுத்துப் படித்துவிட்டால் கலெக்டரா வந்து பெண் கேட்கப் போகிறார் என்று அத்தைக்காரி வேறு காலையில்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

சீனியம்மாளைத் திருச்சுழிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளாக அவள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். அன்று காலையில் தன் மைப்பேனாவை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். இனி எனக்கு வேண்டியிருக்காது, நீயே வச்சுக்கோ என்றாள்.

அம்மா குருவம்மாள் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டியபடி அதைப் பார்த்தாள்.

அக்காவும் கடைசியில் தன் கொலுசைக் கழற்றி அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் போட்டுவிட்டாள்.

அம்மா குழையைக் கீழே போட்டாள். கிட்டே வந்து, மகள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அதன்பிறகு அன்று முழுக்க அவளைத் தனியே விடவில்லை. தண்ணீருக்குப் போனபோதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

இப்போது சூடம் எரிந்தது. இருளப்பசாமி சேலையைப் பெட்டிக்குள் வைத்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

அம்மாவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

அவள்மேல் இதுவரை எந்தச் சாமியும் இறங்கியதில்லை. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. கண் சொருகியது.

"என்னையத்தான் ஒரு வார்த்தை கேக்காம விட்டீக. அவளையாவது கேளுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் அவ. இந்தச் சேலை எம் பெட்டியில இருக்கக் கூடாது."

பெண்டாட்டி பேசியிருந்தால் இருளப்பசாமி ஒரே அதட்டில் அடக்கியிருப்பார். பேசியது செத்த மகள். தாயி, தாயி என்று தரையில் விழுந்தார். கூடியிருந்தவர்களும் விழுந்தார்கள். குலவை ஓங்கியது.

சீனியம்மாளும் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்காதான் வந்துவிட்டாள்.

அம்மா மாமன் பக்கம் திரும்பினாள். கோவிச்சுக்கிறாதீக மாமா என்றாள். அக்கா அச்சு அசல் அப்படித்தான் சொல்லுவாள். பிறகு அந்தக் குரல் இடறியது.

"எம் பிள்ளைய விட்டுரு தம்பி."

குலவைச் சத்தத்தில் அது மற்றவர்கள் காதில் விழவில்லை. மாமனுக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற சீனியம்மாளுக்குக் கேட்டது. அக்கா ஒருநாளும் மாமனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. தாயில்லாமல் நின்றவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள்.

மாமன் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் போதும். சாமி மலையேறிவிடும். அம்மா மட்டும் நடுவீட்டில் தலைவிரிகோலமாக நிற்பாள்.

அவர் குனிந்து பெட்டியிலிருந்த சேலையை எடுத்தார். அதைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். திருநீறு வாங்குவதற்கு நெற்றியை நீட்டினார். அம்மாவின் விரல் அதைப் பூசிவிட்டது.

எல்லோரும் தாயி, தாயி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மட்டும் தலையைத் தூக்காமல், மெல்ல, "சரிக்கா" என்றார்.