பாதி மருந்து

"பாதி தரேலாது அக்கா" என்றாள் மீனம்மா, போத்தலைப் பின்னால் மறைத்தபடி.

வேலிப் படலையில் நின்ற சிவலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. ஆட்டுக்குக் குடற்பூச்சி மருந்துதானே கேட்டாள், தங்கத்தையா கேட்டாள்? வீட்டில் அவளுடைய ஆடு தாடை வீங்கிக் கிடக்கிறது. இரண்டு குட்டிகளும் வெறும் மடியை முட்டிக்கொண்டு நிற்கின்றன.

"போன மாரிக்கு என்ர போத்தலில உன்ர ஆட்டுக்கும் பங்கு தந்தனான். மறந்திட்டியே?"

"மறக்கேல்லை அக்கா. ஆனால் பாதி தரேலாது."

எச்சில் கையால் காகம் கலைக்காதவள்! மனதுக்குள் திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்துத் தர்மபுரத்து மிருக வைத்தியரிடம் போனாள்.

டொக்டர் நிசாந்தினி கையை விரித்தார். "புது மருந்து முடிஞ்சுது அம்மா. அடுத்த கிழமைதான் வரும். கடைசிப் போத்தலை மீனம்மா கொண்டு போட்டா."

"பழைய மருந்தையாவது தாங்கோவன்."

"அது இனி உங்கட ஒழுங்கை ஆடுகளுக்குக் கேட்காது. ஒரு ஆட்டின்ர அளவை நாலு ஆட்டுக்குப் பங்குபோட்டிருக்கிறியள். அரைகுறையாக் குடுத்தால் பூச்சி எல்லாம் சாகாது. தப்பினதுகள்தான் பெருகும். பிறகு முழு மருந்துக்கும் அசையாது. எல்லா ஆடும் ஒரே குளக்கட்டிலதானே மேயுது?"

போத்தலோடு வீடு வீடாகப் போய்ப் பங்குபோட்டவள் சிவலட்சுமிதான். அதை எவ்வளவு பெருமையாகச் செய்தாள்!

"மீனம்மாவின்ர ஆட்டுக்கும் கடுமைதான். அதுதான் அவாவுக்கு அடிச்சுச் சொன்னனான், ஆர் கேட்டாலும் பாதி குடுக்க வேண்டாம், குடுத்தால் ரெண்டு ஆடும் செத்துப்போம் எண்டு."

பாவம், அவளைப்போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான்.

வீடு திரும்பியபோது முற்றத்தில் மீனம்மா குந்தியிருந்தாள். சிவலட்சுமியின் ஆட்டின் வாயைப் பிளந்து, போத்தலைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதிதானே அக்கா குடுக்கக்கூடாது. முழுசாக் குடுத்திட்டன். இதை நம்பி ரெண்டு குட்டி கிடக்கு."

"அப்ப உன்ர ஆடு?"

மீனம்மா வேலிக்கு அப்பால் பார்த்தாள். அவளுடைய ஆடு வேம்பின் கீழ் தலையை மண்ணில் போட்டுக் கிடந்தது.

"அது அடுத்த கிழமை வரைக்கும் தாங்காது. பரவாயில்லை அக்கா" என்று கண்ணைத் துடைத்தாள். "போன மாரியே செத்திருக்க வேண்டியது. நீங்கள் மருந்தைப் பங்குபோட்டுத் தந்தபடியால்தானே இவ்வளவு நாளும் உயிரோட நிண்டது."