மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"இந்த மஞ்சக் கோட்டத் தாண்டி வந்தா என்ன செய்யும்?" ஆய்வக வாசலில் நின்று ராயப்பராஜ் முன்பொரு நாள் கேட்டான்.

"காந்தம் உங்க பைக் சாவியப் பறிச்சுக்கிரும்," என்றாள் ஜோஸ்பின்.

"சாவிய மட்டுந்தானா?"

"ஏன், வேற என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கணவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்ணுமில்ல புள்ள. கெளம்பு, அம்மா சோறு, வெஞ்சனம்லாம் ஆக்கி வச்சுட்டு உக்காந்திருக்கும்."

அதற்குப் பிறகு அவன் அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தினமும் அதற்கு வெளியிலேயே காத்திருப்பான்.

இன்று சனிக்கிழமை. கல்லூரியில் வாட்ச்மேன் மட்டும்தான்.

ஜோஸ்பினுக்கு முன்னால் இரண்டு காந்தங்கள், மேலொன்றும் கீழொன்றுமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. நடுவே உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு சொட்டு பிசின் எதையும் தொடாமல் மிதந்தது.

சொட்டு பிளாஸ்டிக்காக இறுக இறுகக் கனக்கும். கனக்கக் கனக்கக் கீழே இறங்கும். உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அது நிற்கும் உயரமே சொல்லிவிடும். தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

வெளியே பைக் சத்தம் கேட்டது.

மேல் காந்தத்தின் திருகு லேசாக ஆடியது. பித்தளை ஸ்பேனரைத் தேடப் பொறுமையில்லாமல், கைக்குக் கிடைத்த இரும்பு ஸ்பேனரை எடுத்தாள்.

அது கையிலிருந்து பறந்தது.

திருகு தெறித்தது. மேல் காந்தம் துள்ளி, பக்கத்து இரும்பு அலமாரியில் அறைந்து ஒட்டிக்கொண்டது. இடையில் அவளுடைய இடது கை விரல்கள்.

அலறிய பிறகுதான், அலறியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

ராயப்பராஜ் ஓடி வந்தான். கோட்டருகே ஒரு கணம் நின்றான்.

"வராதீங்க. வாட்ச்மேனக் கூப்பிடுங்க."

"கை நசுங்குது, வராதேங்குற?"

ஒரு காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். அவனறியாமலே வலது கை இடது மார்பைப் பொத்தியிருந்தது.

விரல் வலி அவளுக்கு மறந்துபோனது. அந்தக் காந்தத்தைப் பிடுங்குகிறவன் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

குழாய்க்குள் சொட்டு நிலையிழந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில், தூங்கும் அவனுடைய இடது தோளெலும்புக்குக் கீழே, மார்பில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு அவள் கையில் தட்டுப்பட்டது. பைக்கில் விழுந்தபோது வைத்த தகடு என்றான். அவளும் தலையாட்டினாள். ஆனால் தகடு வைத்தவன் எதற்காகச் செல்போனைச் சட்டைப் பையில் வைக்கப் பயப்படுகிறான்? இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர்தான் அது, காந்தம் நெருங்கினால் தடுமாறும் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காந்த விசையை அளக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு, முள் அடங்கும்வரை ஆய்வகக் காந்தத்திலிருந்து பின்னோக்கியே நடந்தாள். முள் அடங்கிய இடத்துக்கும் அப்பால், வாசலையொட்டி, மஞ்சள் டேப்பை ஒட்டினாள். கல்லூரி விதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவனுக்காக ஒட்டியது அது.

அவன் அடுத்த காலைத் தூக்கினான்.

"ராஜ்." அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல் தடவை. "அது தகடு இல்லைன்னு எனக்குத் தெரியும். பின்னால போங்க. போயி வாட்ச்மேன அனுப்புங்க. அப்புறம், நெஞ்சுல என்ன வச்சிருக்கீங்கன்னு உங்க வாயால எங்கிட்ட ஒரு தடவ சொல்லுங்க."