பயம் காட்ட ஒரு ரிவால்வர்

"பார்த்த உடனே பயம் வரணும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டி மீது குனிந்தபடி வெர்னன் சொன்னார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சிவப்புக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்த கடைக்காரி வெல்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் பயப்படணும் சார்?"

"என் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தன் வர்றான். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல விருந்து."

வெர்னன் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். டெக்சஸுக்குக் குடிவந்த பிறகு, முடிவெட்டும் கடையில்தான் அந்த ஊர் வழக்கத்தைத் தெரிந்துகொண்டார். பெண்ணைத் தேடிப் பையன் வந்தால், தகப்பன் எதுவும் பேசக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான், பையனுக்குப் புரிந்துவிடும். அங்கே முடிவெட்ட வந்த தகப்பன்மார் அத்தனை பேரும் துடைத்திருந்தார்கள். துடைப்பதற்கு இவரிடம் ஒரு டிரம்பெட்தான் இருந்தது.

வெல்டா கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்து வைத்தாள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு இதுதான் தோது என்றாள். இதைப் பார்த்தால் பையன் சிரித்துவிடுவான் என்று வெர்னன் தள்ளினார். அடுத்தது கறுப்பு. என்ன துடைத்தாலும் பளபளக்காது என்று அதையும் தள்ளினார். கடைசியில், நீளக் குழல் வைத்த வெள்ளி நிற ரிவால்வர் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

வெல்டா பின்னல் ஊசியால் குழலைப் பக்கவாட்டில் தள்ளினாள். "இதுக்கு முன்னாடி துப்பாக்கியைக் கையில எடுத்திருக்கீங்களா சார்?"

"எடுக்காம என்ன?" என்றார், வீட்டில் குளவி வந்தால் மனைவியைக் கூப்பிடும் வெர்னன்.

"தோட்டா எவ்வளவு வேணும்?"

"தோட்டாவா? அதெல்லாம் ஆபத்தாச்சே."

வெல்டா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். பையன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்தாள். வெர்னன் இன்னும் அவனைப் பார்த்ததில்லை. மகள் அடலின் வேலை பார்க்கும் ஊரில் இருவருக்கும் பழக்கமாம்.

"பேரு ட்ரெவோ ட்ரேஸோ, ஏதோ ஒண்ணு. அப்பன் இல்லாம வளர்ந்தவனாம். அம்மா செல்லம். துப்பாக்கியைக் கண்ணால பார்த்திருக்க மாட்டான்."

ஊசிகள் சட்டென்று நின்றன. விற்பதற்கு முன் சட்டப்படி விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கினாள். வெர்னன் ப்ளெவின்ஸ் என்ற பெயரை நிதானமாகப் படித்தாள். போன் செய்து, அவர் மீது வழக்கு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

"சரி, அவன் எப்படிப் பயந்தா உங்க மனசு குளிரும்?"

வெர்னன் ஆசையோடு விவரித்தார். வாய் உலர வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை சார் போட வேண்டும். கையிலிருக்கும் முள்கரண்டி நழுவித் தட்டில் விழ வேண்டும்.

"விழுந்தப்புறம்? விரட்டிடுவீங்களா?"

வெர்னனின் குரல் இறங்கியது. "ஒரே பொண்ணுங்க. எனக்குப் பயப்படறவன் அவளைப் பத்திரமாப் பார்த்துப்பான். அப்படி மட்டும் பயந்துட்டா, சரின்னு சொல்லிடுவேன்."

"சொன்ன சொல் மாறக்கூடாது சார்."

அவள் ரிவால்வரில் தோட்டா போடும் உருளையைத் திறந்து, தன் சிவப்பு நூலில் ஒரு துண்டை வெட்டிக் குழல் வழியாகக் கோத்து முடிச்சுப் போட்டாள். உள்ளே காலி என்பதற்கு அடையாளம், தன் கடையிலிருந்து எதுவும் இந்த நூல் இல்லாமல் வெளியே போகாது என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். வெர்னன் காதில் விழவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் புருவத்தை நெரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் மாட்டுக்கறி வறுவலுக்குப் பக்கத்தில் ரிவால்வர் கிடந்தது. உருளை திறந்து தொங்க, சிவப்பு முடிச்சோடு.

"இதை வெச்சுக் கறியைத் தட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி கோரா.

பையன் வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள். அவன் கைகுலுக்கியதில் வெர்னனின் விரல்கள் வலித்தன. அவசரமாக உட்கார்ந்து துணியை எடுத்தார். துடைக்க ஆரம்பித்தார்.

பையன் கண் ரிவால்வர் மீது விழுந்தது. சிவப்பு முடிச்சில் ஒரு கணம் நின்றது. அப்புறம் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"த... தண்ணி கிடைக்குமா சார்?" என்று திக்கினான். ரொட்டி கேட்டாலும் சார், உப்பு கேட்டாலும் சார். முள்கரண்டி நழுவி, தட்டில் கணீரென்று விழுந்தது. அடலின் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் தட்டையே பார்த்தாள்.

வெர்னன் துடைத்துக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் அவருக்கு யாரும் இப்படிப் பயந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் தாளம் தட்டுகிறவன்கூட அவரைக் கண்டால் கொட்டாவிதான் விடுவான். கோரா பழக் கேக் கொண்டு வருவதற்குள் அவர் மனம் உருகிவிட்டது. தன் கையாலேயே பையன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

"பயப்படாதே தம்பி. என் பொண்ணு உனக்குத்தான். பத்திரமாப் பார்த்துக்கோ."

வாசல் வரை அவன் தோளில் கை போட்டுக்கொண்டு போய் வழியனுப்பினார். பையன் படி இறங்கினான். திரும்பினான்.

"மறந்தே போயிட்டேன் சார்." குரல் இப்போது கொஞ்சமும் திக்கவில்லை. "துடைக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்பு நூலை உருவிடணும். கடையில சொன்னப்போ நீங்க காதுல வாங்கலைன்னு அம்மா சொன்னாங்க."